கோணல் துளை

“இறக்காதேங்கோ! அப்படியே பிடியுங்கோ!”

ஓட்டோ நிற்கும் முன்பே பெற்றிசியா குதித்துவிட்டாள். கராஜுக்குள் செயின் புளொக்கின் கொக்கியில் ஒரு என்ஜின் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, மேலுடம்பு கழற்றப்பட்ட பழைய ஒஸ்ரின் காரின் சேசிஸ் வெறும் எலும்பாகக் காத்திருந்தது. இடைவெளி ஒரு முழம் இருக்கும்.

சங்கிலியை விட்டுக்கொண்டிருந்த கராஜ்காரர் ஜவாஹிரின் கை நின்றது. சிலாவத்துறைக் கடற்காற்றில் என்ஜின் மெல்ல ஆடியது.

“ஆர் நீங்கள்?”

“பெற்றிசியா. மன்னாரில இருந்து காலையில ரெலிபோன் எடுத்தனான்.”

“நாளைக்கு வாங்கோ எண்டெல்லே சொன்னனான்?”

“காரை வாங்கின கொழும்புக்காரர் இண்டைக்குப் பின்னேரம் கொண்டுபோறார் எண்டும் சொன்னனீங்கள். நாளைக்கு வந்து நாங்கள் காத்தையோ பார்க்கிறது?”

ஓட்டோவின் சாவியைச் சுழற்றியபடி நௌபர் பின்னால் வந்தான். “கோவிக்காதேங்கோ நானா. மிஸ் முந்திக் காப்புறுதிக் கம்பனியில அடிபட்ட காருகளைப் பார்த்தவ. அடிபடாத காரைக் கண்டால் அவவுக்கு மனம் ஆறாது.”

அது பாதி உண்மை. அடிபட்ட கார்களில் எது உண்மையாக அடிபட்டது, எது சுத்தியலால் அடிபட்டது என்று கண்டுபிடிப்பதுதான் பெற்றிசியாவின் பழைய உத்தியோகம். இப்போது காணாமல் போனவற்றைத் தேடிக் கொடுக்கிறாள். நௌபர் ஓட்டோ ஓட்டுகிறான். பகிடியும் விடுகிறான். ஓட்டோவுக்கு மட்டும்தான் சம்பளம்.

பின் ஆசனத்திலிருந்து இரண்டு பெண்கள் இறங்கினார்கள். முதலில் அன்னப்பிள்ளை. அவளைப் பிடித்தபடி மகள் வேணுஜா.

“அம்மா, வெயில். பார்த்தது காணும், போவம்,” என்றாள் மகள்.

“இன்னும் ஒண்டும் பார்க்கேல்லையே,” என்றாள் தாய். அந்தக் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

அவள் வந்த காரியம் இதுதான். அவளுடைய புருசன் செல்வநாயகம் இலுப்பைக்கடவையில் வாடகைக் கார் ஓடியவர். யுத்தத்தில் ஊர் எழும்பி ஓடிய அன்று, அயல்வீட்டுக் கதிர்காமுவின் மனைவி யோகமலர் நிறைமாதம். அவளை முதலில் ஏற்றிக்கொண்டு, “இறக்கிப்போட்டு வந்து உங்களை ஏத்துறன்” என்று போனவர், வரவில்லை. கார் இல்லை. யோகமலரும் இல்லை. ஊர் கொஞ்ச நாள் பொறுத்தது. பிறகு, இரண்டு பேரும் வள்ளமேறி இந்தியாவுக்கு ஓடிவிட்டார்கள் என்று முடிவு கட்டியது. வயிற்றில் இருந்ததும் செல்வநாயகத்தின் பிள்ளைதான் என்று சேர்த்துச் சொன்னது. மீளக் குடியேறிய கையோடு கதிர்காமு செய்த முதல் வேலை, இரண்டு வளவுக்கும் நடுவிலிருந்த வேலியை ஆளுயரத்துக்கு அடைத்ததுதான்.

பதினேழு வருடங்கள் அன்னப்பிள்ளை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நெற்றியில் பொட்டை மட்டும் அழிக்கவில்லை. இப்போது வருகிற வெள்ளிக்கிழமை வேணுஜாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளையின் மாமி பந்தலைப் பற்றிக் கதைக்க வந்தவள், போகிற போக்கில் கேட்டாள்: “தாலி கட்டேக்க நீங்கள் முன்னுக்கு நிப்பியளோ, இல்லாட்டி ஆரும் சுமங்கலியைப் பார்க்கிறதோ?”

அன்று மாலையே அன்னப்பிள்ளை பெற்றிசியாவின் கந்தோருக்கு வந்து கதிரையில் அமர்ந்தாள். “தங்கச்சி, எனக்கு ரெண்டு விசயம் தெரியோணும். அவர் இருக்கிறாரோ, இல்லையோ. இருந்தால், ஆரோட இருக்கிறார்.”

அதற்குக் கிடைத்த ஒரே பிடி, முகநூலில் எவரோ போட்டிருந்த இந்தக் காரின் படம். முன் கதவுக்கு ஒரு பித்தளைக் கைபிடி. அலுமாரிக் கைபிடி. கார்க் கைபிடி உடைந்தபோது தன் சீதன அலுமாரியில் ஒன்றைக் கழற்றிப் பூட்டினவர் என்று அன்னப்பிள்ளை படத்தைப் பார்த்த உடனே சொன்னாள். அந்த மேலுடம்பு இப்போது கராஜ் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கதவில் கைபிடி மட்டும் இல்லை.

“கைபிடி எங்க, நானா?” என்றாள் பெற்றிசியா.

“வந்ததே இல்லாமல்தான்.”

“படத்தில இருந்ததே.”

“படத்தில ஆர்தான் வடிவாயில்லை?”

நௌபர் தலையாட்டினான். “அது உண்மை மிஸ். என்ர அடையாள அட்டையில நான் ஒரு கள்ளன் மாதிரி.”

“அது ஒண்டுதான் சரியான படம்.” பெற்றிசியா என்ஜினைச் சுற்றி நடந்தாள். சேசிஸுக்குக் கீழே வேலைக் குழி. குழிக்குள்ளிருந்து கிறீஸ் அப்பிய கையொன்று மேலே வந்தது. ஸ்பனர் வலப்பக்க விளிம்பில் கிடந்தது. அந்தக் கை இடப்பக்கத்தால் சுற்றி வந்து அதை எடுத்துக்கொண்டு மறைந்தது.

“கீழ ஆர்?”

“எங்கட மெக்கானிக் பாஸ். வாய் பேசாத மனிசன்.”

“இந்தக் காலத்தில குடுத்து வச்ச கராஜ்,” என்றான் நௌபர்.

பெற்றிசியா என்ஜினின் பக்கவாட்டைத் தடவினாள். புகைக் குழாயைச் சுற்றி ஒரு செப்புக் குழாய் பாம்பு போல வளைந்திருந்தது. அதற்கு மேலே, ஒரு இரும்புக் கொக்கி.

“நௌபர், இது என்ன?”

“மிஸ்ஸுக்குத் தெரியாதோ? யுத்தக் காலம் வன்னிக்குள்ள ஆமிக்காரர் பெற்றோல் விடமாட்டாங்கள். காரெல்லாம் மண்ணெண்ணெய். சும்மா ஊத்தினால் எரியாது. இந்தக் குழாய்க்குள்ளால விட்டுச் சூடாக்கோணும். ஆனால் என்ஜின் குளிராக் கிடந்தால் அதுவும் சரிவராது. ஸ்ராட் எடுக்கிறதுக்கு மட்டும் கொஞ்சம் பெற்றோல் வேணும். ஆஸ்பத்திரிச் சேலைன் போத்தலை இந்தக் கொக்கியில தூக்கி, சொட்டுச் சொட்டா விடுவினம். நோயாளியும் கிடந்து முக்கும், பிறகு எழும்பும். பெற்றோல் சொட்டு இல்லையெண்டால் டொக்டர் வந்தாலும் எழும்பாது.”

“அப்ப இது கொழும்பு என்ஜின் இல்லை.”

“புத்தளத்தில பழைய இரும்புக் கடையில எடுத்தது,” என்றார் ஜவாஹிர் அவசரமாக. “அங்க ஆர் வித்தாங்களோ, எனக்கென்ன தெரியும்? சேசிஸ் நீர்கொழும்பு. ரெண்டும் ரெண்டு இடம்.”

பெற்றிசியா அன்னப்பிள்ளையைப் பார்த்தாள். “அக்கா, உங்கட காரிலயும் இந்தக் குழாய் இருந்ததோ?”

“எல்லாற்ற காரிலயும் இருந்தது,” என்றாள் அன்னப்பிள்ளை. அவள் என்ஜினைப் பார்க்கவில்லை. குழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் கொழும்புக்குப் போனால் அவளுடைய கேள்வியும் அதிலேறிப் போய்விடும். ஆனால் அவள் முகத்தில் அந்தக் கவலையும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்பவள் போல நின்றாள்.

ஜவாஹிர் தேத்தண்ணி கொண்டுவந்தார். இப்படியான நேரத்திலும் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் விட அவரால் முடியவில்லை. தட்டத்தை நீட்டி ஒவ்வொருவரிடமும், “சீனி எவ்வளவு?” என்று கேட்டார். பெற்றிசியாவுக்கு ஒன்று. நௌபருக்கு மூன்று. அன்னப்பிள்ளை, “எதெண்டாலும் சரி” என்றாள். கடைசிக் கோப்பையை வேணுஜாவிடம் கொடுத்தார். கேட்கவில்லை. சீனியும் போடவில்லை.

வேணுஜா வாங்கிக் குடித்தாள்.

பெற்றிசியா அதைப் பார்த்தாள். குனிந்து சேசிஸின் முன்பக்கத்தைப் பார்த்தாள். என்ஜினைத் தாங்கும் இரும்புத் துண்டு, கார் வந்த காலத்துத் துண்டு அல்ல. பட்டறையில் அடித்தது. அதில் மூன்று துளைகள். இரண்டு ஒழுங்கு. மூன்றாவது, வரிசையை விட்டு விலகி, முட்டை வடிவில் சரிந்திருந்தது.

“அக்கா, உங்கட அவர் இந்தத் துண்டைப் பற்றி எப்பவாவது சொன்னவரோ?”

அன்னப்பிள்ளை குனிந்து துளையைப் பார்த்தாள். “கொல்லன் கையால துளை போட்டவன். கரண்ட் இல்லைத்தானே. துறப்பணம் சறுக்கிப்போச்சு. இவர் ரெண்டு நாளா அவனைப் பேசிக்கொண்டு திரிஞ்சவர். பிறகு என்ன செய்யிறது, என்ஜின் பக்கத்துத் துளையையும் அதே கோணலுக்கு அராவினவர்.”

பெற்றிசியா நிமிர்ந்தாள்.

“நானா, இறக்குங்கோ.”

“என்ன?”

“என்ஜினை இறக்குங்கோ.”

“அல்லாஹ்வே, மிஸ்! இறக்காதேங்கோ எண்டு குதிச்சதும் நீங்கள்தான். அந்த என்ஜினுக்கே தலை சுத்தப்போகுது,” என்றான் நௌபர்.

“ரெண்டும் ரெண்டு ஊரெண்டு நானா சொல்லுறார். ரெண்டு ஊர்ச் சாமான் சந்திச்சால் முதல்ல சண்டை பிடிக்கும். வெட்டோணும், ஒட்டோணும், அராவோணும். பார்ப்பம்.”

ஜவாஹிர் சங்கிலியைத் தொடவில்லை. நௌபர் போய்த் தொட்டான். கரகரவென்று சங்கிலி ஓடியது. கீழே, குழிக்குள்ளிருந்த கை என்ஜினின் அடியைப் பிடித்து ஒரு விரல் அளவு திருப்பிக் கொடுத்தது. என்ஜின் இறங்கியது. முதலாவது போல்ற் நேராக விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவதைப் பெற்றிசியா தன் கையாலேயே எடுத்துக் கோணல் துளையில் வைத்தாள். அது வழுக்கிக்கொண்டு இறங்கி உட்கார்ந்தது.



“பொருத்தம் பத்தும் சரி,” என்றான் நௌபர் மெதுவாக.

“நானா,” என்றாள் பெற்றிசியா. “ஒரு கொல்லன் ஒருக்காத்தான் இப்படிச் சறுக்குவான். நீர்கொழும்பில ஒருக்கா, புத்தளத்தில ஒருக்கா, ரெண்டும் ஒரே கோணலுக்குச் சறுக்காது. இது செல்வநாயகத்தின்ர கார். முழுக்க. ஆளை என்ன செய்தனீங்கள்?”

ஜவாஹிரின் முகம் கறுத்தது. “என்ன செய்தனாங்களோ? தங்கச்சி, வார்த்தையைப் பார்த்து விடுங்கோ. தொண்ணூறில முஸ்லிம் சனம் எங்களை எல்லாம் ஊரை விட்டுப் போகச் சொன்ன நேரம் என்ர வாப்பா நடக்க ஏலாத ஆள். தெரிஞ்ச முகமெல்லாம் கதவைச் சாத்தின நேரம், அவரைத் தன்ர காரில ஏத்திக் கடற்கரையில விட்டது அந்த மனிசன். அவருக்கு நாங்கள் கெடுதல் செய்வமோ?”

“அப்ப ஏன் பொய் சொன்னனீங்கள்?”

ஜவாஹிர் வெறுங்கோப்பைகளைத் தட்டத்தில் எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

இதற்கிடையில் நௌபர் சும்மா இருக்காமல், எண்ணெய் வரும் வழியில் இருந்த கண்ணாடிக் கிண்ணத்தின் கட்டுக்கம்பியைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தான். “என்ன மிஸ் இது, கழட்டக் கழட்ட இறுகுது. மன்னார்க் கழுதை மாதிரி, இழுக்கிற பக்கத்துக்கு வராது.”

“மற்றப் பக்கம் சுத்துங்கோ, தம்பி,” என்றாள் அன்னப்பிள்ளை. “அவர் இடக்கையர். அவர் முறுக்கின கம்பி அப்படித்தான்.”

நௌபர் மறுபக்கம் சுற்றினான். கம்பி உடனே விட்டது. கிண்ணத்துக்குள் எண்ணெய் வடிக்க வைத்த துணி மடிப்பொன்று இருந்தது. அதைப் பிழிந்து விரித்தான். நடுவில் மடிப்புகள். இரண்டு ஓரத்திலும் வளையங்கள்.

“முகக்கவசம்!” என்றான். “மிஸ், இது யுத்தக் காலத்துச் சாமான் இல்லை. கொரோனாக் காலத்துச் சாமான்.”

இடக்கையால் முறுக்கிய கம்பி. அதற்குள்ளே முகக்கவசம். அப்படியென்றால் செல்வநாயகம் யுத்தத்தில் சாகவில்லை. கொரோனாவுக்குப் பிறகும் அவருடைய கை வேலை செய்திருக்கிறது.

“அக்கா, அவர் இருக்கிறார்,” என்றாள். இந்தத் தொழிலில் இதைவிட நல்ல செய்தியை அவள் எவருக்கும் சொன்னதில்லை.

அன்னப்பிள்ளை அழவில்லை, சிரிக்கவில்லை. நௌபரின் கையிலிருந்த துணியை வாங்கினாள். கிறீஸுக்குக் கீழே மங்கிய பச்சையில் சின்னச் சின்ன மீன்கள் தெரிந்தன. வளையத்தை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

“இது என்ர வீட்டுத் திரைச்சீலை,” என்றாள். “கொரோனா நேரம் வெட்டித் தைச்சனான். இலாஸ்ரிக் கிடைக்கேல்லை, நைற்றிக் கரையைக் கிழிச்சுப் போட்டது. ரெண்டுதான் வந்தது. ஒண்டு எனக்கு. அது இப்பவும் வீட்டில கிடக்கு.”

வேணுஜா கோப்பையைக் கீழே வைத்தாள்.

பெற்றிசியா அவளைப் பார்த்தாள். “நானா எல்லாரிட்டயும் சீனி கேட்டவர். உம்மட்டை மட்டும் கேட்கேல்லை. இங்க அடிக்கடி தேத்தண்ணி குடிக்கிற ஆளிட்டதான் அப்படிக் கேட்கத் தேவையில்லை. இல்லையோ, வேணுஜா?”

வேணுஜா சிலாவத்துறை ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். தினமும் இந்த வழியால்தான் வருகிறாள், போகிறாள்.

“தடுப்பூசி போட வந்தவர், அம்மா,” என்றாள், நிலத்தைப் பார்த்து. “நான் அப்ப தொண்டரா நிண்டனான். முகக்கவசம் இல்லாமல் வந்தவரை மறிச்சுப் பார்த்தால் அப்பா. என்னைத் தெரியேல்லை அவருக்கு. எனக்குத் தெரிஞ்சுது. என்ரயைக் கழட்டிக் குடுத்தனான். கையில வேற ஒண்டும் இல்லை.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் திரும்பக் காணாமல் போயிடுவன் எண்டவர். ஏனெண்டு கேட்டால் சொல்லமாட்டார். கலியாணம் சரிவந்த பிறகுதான் ஒரு வார்த்தை சொன்னவர். ‘காரை இப்படிக் கிடக்க விட்டுட்டு நான் ஊருக்குள்ள கால் வைக்கேலாது. என்ஜின் ஏறட்டும். அதில வந்துதான் சொல்லுவன்.’ கொழும்புக்காரர் எண்டது பொய், அம்மா. வெள்ளிக்கிழமைக்குத்தான் இந்த அவசரம். அந்தக் கைபிடியைக் கூட மினுக்க எண்டு அவர்தான் கழட்டி வச்சிருக்கிறார்.”

“தனியவோ?”

“தனியத்தான். நாலு வருசமாப் பார்க்கிறன். ஒருத்தரும் இல்லை. நீங்கள் பொட்டோட முன்னுக்கு நிக்கலாம், அம்மா.”

“ஓம்,” என்றாள் அன்னப்பிள்ளை. “நிக்கலாம். வேலிக்கு அங்கால கதிர்காமு என்னைப் பார்த்துக்கொண்டு நிப்பான்.”

நௌபர் கழற்றிய கண்ணாடிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

“இப்ப எங்க அவர்?” என்று பெற்றிசியா கேட்டாள். வேணுஜா வாய் திறக்கும் முன், குழிக்குள்ளிருந்து கை மறுபடியும் மேலே வந்தது. இடக்கை. விரல்கள் விரிந்தன. மூன்றாவது போல்ற்றை இறுக்க ஸ்பனர் கேட்கும் விரிப்பு. வாய் இல்லாவிட்டாலும் அந்தக் கைக்குக் காது இருந்தது, எல்லாவற்றையும் கேட்டிருந்தது, ஆனாலும் செய்வதற்கு அந்த ஒரு வேலையைத் தவிர வேறொன்றும் அதற்குத் தெரியவில்லை.

ஜவாஹிர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அன்னப்பிள்ளை போய்க் குழியின் விளிம்பில் குந்தினாள். விரிந்திருந்த உள்ளங்கையில் ஸ்பனரை வைக்கவில்லை. பச்சைத் துணியை வைத்தாள். விரல்கள் மூடின. துணியைத் தடவின. பிறகு அசையாமல் நின்றன. கை கீழே இறங்கவில்லை.

பெற்றிசியா ஒரு கேள்வியை எதிர்பார்த்தாள். ஏன் வரவில்லை, எப்படி மனம் வந்தது, பிள்ளையை நினைக்கவில்லையா. பதினேழு வருடங்களாகச் சேர்ந்த கேள்விகள் எவ்வளவோ இருக்கும்.

“யோகமலர் எங்க?” என்றாள் அன்னப்பிள்ளை.

வாய் பேசாத பாஸ் பேசினார். இருட்டுக்குள்ளிருந்து வந்த அந்தக் குரலும் அவளுடைய குரலைப் போலவே ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் இருந்தது.

“பாலியாத்தடியில கிபிர் விமானச் சத்தம் கேட்டுது. நான் என்ஜினை நிப்பாட்டினனான். கனநேரம் கிடந்ததில ஆறிப்போச்சு. போத்தலில ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லை. காருக்குத்தான் குண்டு போடுவாங்கள் எண்டு, அவளை இறக்கி அங்கால ஒரு பங்கருக்குள்ள இருத்திப்போட்டு, பெற்றோல் தேடி ஓடினனான்.”

“பிறகு?”

“கிடைச்சுது. கொண்டு வந்தனான்.” கை மெல்ல இறுகியது. துணியிலிருந்து எண்ணெய் சொட்டியது. “காரில ஒரு கீறல் இல்லை, அன்னம். பங்கரைத்தான் காணேல்லை.”